விமலா கட்டிய காவடிகள்

அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அர்ச்சுனன் மூன்றாவது தடவையாக நடந்தான். விமலா குந்தி உட்கார்ந்து அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் போர்ச்சின் பாதியில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி வைத்திருந்தாள். ஈரத்தை மிதித்துவிட்டுக் காய்ந்த சிமெண்டில் கால் வைத்தால் தடம் விழும். இடது கால் தடம் முழுசாக விழுந்தது. வலது காலுக்கு வெறும் குதிகால்தான்.

“வலது முட்டி வலிக்குதா?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத. லோரி பிரேக்க மிதிச்சு மிதிச்சு முட்டியக் கெடுத்து வச்சிருக்க.”

“கொஞ்சம் வலிக்கும்லா. மழ நாளுல மட்டும்.”

“ஈப்போவுல எந்த நாளு மழ இல்லாத நாளு?” என்றாள் விமலா. நோட்டில் எழுதிக்கொண்டாள். வலப்பக்கம் பாரத்தைக் குறைத்து இடுப்பு பெல்ட்டுக்கு இறக்க வேண்டும். முதுகுச் சட்டத்தை அரை அங்குலம் இடது பக்கம் தள்ள வேண்டும். மயிற்பீலி வரிசையில் மேலே எட்டு பீலி குறைத்தாலும் தப்பில்லை.

ஈப்போவில் காவடி கட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தூக்கப் போகிறவனைக் கைதி மாதிரி நடக்கவிட்டு விசாரிக்கிறவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான். இவளிடம் அளவு கொடுக்க வந்தால் எந்தத் தோள் சாய்கிறது, எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறாய், பழைய ஆப்பரேஷன் ஏதாவது உண்டா என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மூட்டையோடு நடக்க வேண்டும். ஆனால் அவள் கட்டிய காவடியைத் தூக்கிய ஒருவனும் கல்லுமலை முருகன் கோயில் படியில் தடுமாறியதில்லை. அதனால் யாரும் எதிர்த்து வாய் திறப்பதில்லை.

விமலாவுக்கு நாற்பத்தாறு வயது. சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது தோட்டத்தை விற்றார்கள், லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. இதை அவள் சோகக் கதையாகச் சொல்ல மாட்டாள். “அங்க அட்ட கடிச்சுச்சு, இங்க கொசு கடிக்குது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். பதினெட்டு வயதில் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தவள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். காருக்குள் ஓடும் வயர்களை நிறம் பிரித்து, வளைத்து, கேபிள் டை போட்டு ஒரே கட்டாகக் கட்டுகிற வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் மூன்று மணிக்கு விடுவார்கள்.

அந்த வேலைதான் அவளைக் காவடிக்குக் கொண்டுவந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பி பவித்ரன் தைப்பூசத்துக்கு வாடகைக் காவடி ஒன்றை எடுத்தான். புந்தோங் மாரியம்மன் கோயிலுக்கு வெளியே அதைத் தோளில் ஏற்றியதுமே இடது பக்கம் சரிந்தது. கூட இருந்த ஆண்பிள்ளைகள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். விமலா கைப்பையைத் திறந்து ஒரு கட்டு கேபிள் டையை எடுத்தாள். தொழிற்சாலையிலிருந்து திருடியது என்று சொல்லக்கூடாது, கைப்பையிலேயே தங்கிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் பாதிக் காவடியைப் பிரித்துத் திரும்பக் கட்டினாள். பவித்ரன் கல்லுமலை வரைக்கும் நடந்து, படியேறி, இறங்கி வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, “அடுத்த வருஷம் நீயே கட்டுக்கா” என்றான்.

அன்றிலிருந்து கட்டுகிறாள். வருஷத்துக்கு மூன்று, நான்கு. அவளுக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். காவடி முடிந்ததும் வெற்றிலை, தேங்காய் வைத்து, கற்பூரம் காட்டி, சட்டத்தை ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டு, “இனி இது ஒங்களோடது” என்று சொல்லி ஒப்படைப்பாள். அதற்குப் பிறகு அது பவித்ரன் காவடி, அர்ச்சுனன் காவடி. ‘என் காவடி’ என்று அவள் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. வேண்டிக்கொண்டவர்கள் அவர்கள், விரதம் இருந்தவர்கள் அவர்கள், தூக்கியவர்களும் அவர்கள். கம்பியை வளைத்தவளுக்கு அதில் என்ன பாத்தியதை என்று நினைக்கிறவள் அவள்.

இந்த வருஷம் நான்கு காவடிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அக்டோபர் மாதக் கடைசியில் வீட்டுக்காரரான சீனத் தவுக்கே வந்தார். குனோங் ராபாட்டில் இந்த வீட்டில்தான் பதினாறு வருஷமாக வாடகைக்கு இருக்கிறார்கள். நல்ல மனிதர். கையில் ஒரு பை மாண்டரின் ஆரஞ்சோடு வந்தார். சீனப் பெருநாள் இல்லாத நாளில் ஆரஞ்சு வந்தாலே விஷயம் சரியில்லை என்று அர்த்தம். மகன் சிங்கப்பூரிலிருந்து மனைவி, கைக்குழந்தையோடு திரும்புகிறான், வருஷக் கடைசிக்குள் வீடு வேண்டும் என்றார். சொல்லிவிட்டு அவரே கண் கலங்கினார். விமலாதான் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்பினாள்.

விமலாவின் கணவன் சுரேன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஊரில் தெரியாத சந்து கிடையாது. ஒரு வாரத்தில் வேறு வீடு பார்த்துவிட்டான். அடுக்குமாடியில் நான்காவது மாடி. இரண்டு பேருக்குத் தாராளம். ஆனால் போர்ச் கிடையாது, அலுமினியம் அறுக்கிற சத்தத்தை அங்கே ஒரு நாள்கூட யாரும் பொறுக்க மாட்டார்கள், கட்டினாலும் அந்தப் படிக்கட்டில் காவடியை இறக்க முடியாது.

“நமக்கு வீடு கெடச்சிருச்சு” என்றாள் விமலா. “காவடிக்குத்தான் வீடு இல்ல.”

கேட்காத இடமில்லை. கோயில் மண்டபம் அன்னதானச் சாமானுக்குப் போய்விட்டது. சுரேனின் கூட்டாளி பட்டறையில் இடம் இருந்தது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கில் மயிற்பீலியை வைத்தால் ஒரே நாளில் நாசம். தைப்பூசம் பிப்ரவரி தொடக்கத்தில். டிசம்பர் நடுவில் நான்கு பேரும் விரதம் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு “காவடி இல்லை” என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? தொழிற்சாலையில் பச்சை வயர் போக வேண்டிய இடத்தில் நீலத்தைப் போட்டு, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள்.

வேனில் வருகிற ஒரு பிள்ளையின் தாயார் மூலமாகத்தான் சுரேனுக்கு ‘பத்து காப்பூர்’ என்ற கலை இல்லம் பற்றித் தெரிந்தது. பழைய டவுனில் ஒரு கடைவீட்டை எடுத்து நடத்துகிற லாப நோக்கில்லாத அமைப்பு. ஓவியம் வரைகிறவர்கள், சிற்பம் செய்கிறவர்கள், பொம்மலாட்டக்காரர்கள் என்று வேலை செய்கிற கலைஞர்களுக்கு ஒரு வருஷத்துக்கு இலவசமாக வேலை செய்ய இடம் கொடுப்பார்கள். கருவிகள் இரவல் கொடுப்பார்கள், செய்ததைப் படம் எடுத்துக் கோப்பாக்கித் தருவார்கள், கையில் அடிபட்டால் காப்புறுதியும் உண்டு. வருஷத்துக்கு ஆறு பேர்.

“கலைஞர்களுக்குத்தானே? நான் வயர் கட்டுறவ” என்றாள் விமலா.

“கேட்டுப் பாப்போம்லா. இல்லன்னா இல்லன்னு சொல்லப் போறாங்க. கடிச்சா தின்னுருவாங்க?”

விண்ணப்பப் படிவம் மலாயில் இருந்தது. செய்த படைப்புகளில் பத்துக்குப் படம் அனுப்ப வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் கீழே படைத்தவர் பெயரும் வருஷமும் எழுத வேண்டும். இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போனிலிருந்து படங்களைப் பொறுக்கினார்கள். விமலா முதல் படத்துக்குக் கீழே ‘பவித்ரன்’ என்று எழுதினாள். அடுத்ததுக்கு ‘அர்ச்சுனன்’. அப்படியே பத்துப் படத்துக்கும் பத்துப் பெயர்.

“ஒம்பேரு?” என்றான் சுரேன்.

“அதான் மேல போட்டிருக்கேன்ல, விண்ணப்பம் செய்றவங்கன்னு. காவடிக்கு எடுத்தவங்க பேரத்தானே போடணும்?”

சுரேன் யோசித்துப் பார்த்தான். சரியாகத்தான் பட்டது. அவனும் காவடி எடுக்கிற அதே கூட்டத்து ஆள்தானே. அனுப்பிவிட்டார்கள்.

டிசம்பர் முதல் வாரம் பதில் வந்தது. விமலா பத்து மணி ஓய்வில் தொழிற்சாலைக் கேன்டீனில் உட்கார்ந்து படித்தாள். மரியாதையான கடிதம். நீங்கள் அனுப்பிய பத்துப் படைப்புகளும் பத்து வெவ்வேறு கலைஞர்களுடையவை, எங்கள் திட்டம் சொந்தமாகப் படைப்பவர்களுக்கு மட்டுமே, எனவே வருந்துகிறோம் என்று எழுதியிருந்தது. அவள் இரண்டு தடவை படித்தாள். முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்தவன் பொருளைத் தன்னுடையது என்று காட்டி இடம் கேட்டவள் என்றல்லவா அவர்கள் நினைத்திருப்பார்கள்? தட்டில் இருந்த மீகூன் நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

“போன் பண்ணி வெளக்கிச் சொல்லலாம்” என்றான் சுரேன் சாயங்காலம்.

“என்னான்னு சொல்றது? அதெல்லாம் என்னோடதுன்னா? வேணாம், விடுங்க.”

சுரேன் விட்டுவிட்டான். விட்டது போலக் காட்டிக்கொண்டான் என்பதுதான் சரி. அவன் வேறு வழி தேடுவதற்குள் அடுத்த திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு ஒரு சிவப்பு மைவி கார் வாசலில் வந்து நின்றது. முப்பது வயதுக்காரப் பெண் ஒருத்தி இறங்கினாள். கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் துணிப்பை. “விமலா அக்கா வீடுதானே? நான் கேரன். பத்து காப்பூர்லேருந்து வாரேன்.”

விமலா அப்போது போர்ச்சில் சட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். சாமான்களை ஏற்றுவதற்குள் அர்ச்சுனனுடையதையாவது முடித்துவிடலாம் என்ற வீம்பு. எழுந்து கையைத் துடைத்தாள். “பதில் வந்துச்சும்மா. ஒண்ணும் இல்ல. நான் தப்பா நெனைக்கல.”

“நாங்கதான் தப்பா நெனச்சிட்டோம்னு தோணுது” என்றாள் கேரன். தள்ளுபடி செய்த விண்ணப்பங்களை இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பது அவள் வழக்கமாம். போனில் பத்துப் படத்தையும் பெரிதாக்கிக் காட்டினாள். “இங்க பாருங்கக்கா. எல்லாத்துலயும் கேபிள் டையோட முடிச்சு வெளிப்பக்கம் பாத்து இருக்கு. நறுக்குன முனையில செவப்பு நூல் சுத்தியிருக்கு. பத்துப் பேரு கட்டுனா பத்து மாதிரிதானே இருக்கும்?”

“முனை ஒடம்புல கீறும். வெறும் மேலோட தூக்குறவங்க” என்றாள் விமலா. சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது தெரிந்தது.

கேரன் சிரித்தாள். கீழே கிடந்த சட்டத்தைக் குனிந்து பார்த்தாள். அதிலும் சிவப்பு நூல். “வியாழக்கெழம பத்து மணிக்குத் தேர்வுக் குழு கடைசியாக் கூடுது. ஒரு எடம் இன்னும் இருக்கு. நீங்க நேர்ல வந்து, இதெல்லாம் நான் செஞ்சதுன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

“அது முடியாதும்மா.”

“ஏன்கா?”

விமலா சட்டத்தைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். “அவங்க நாப்பத்தெட்டு நாளு விரதம் இருந்து எடுக்குறாங்க. ஒருத்தன் பிள்ளைக்காக, ஒருத்தன் அம்மாவுக்காக. நான் போயி என்னோடதுன்னு சொன்னா, அவங்க வேண்டுதல்ல நான் கைவச்ச மாதிரி. அந்தப் பாவத்த நான் எதுக்குச் சொமக்கணும்? ஒங்களுக்குப் புரியுமான்னு தெரியல.”

கேரன் புரிகிறது என்றும் சொல்லவில்லை, புரியவில்லை என்றும் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி நாலு வார்த்தை பேசாமல் இருந்ததாலேயே விமலாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. வேறு ஒருவரும் அந்த இடத்துக்குக் காத்திருக்கிறார், தைப்பிங்கில் பானை செய்கிறவர், வியாழக்கிழமைக்குள் விமலா வராவிட்டால் அவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றாள். “வந்தாலும் வராட்டியும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் விமலா வீட்டுக்கு வரவில்லை. ஜெலாப்பாங்கிலேயே இருக்கிற லோரிக் கம்பெனிக்கு அர்ச்சுனனைத் தேடிப் போனாள். முந்தின நாள்தான் அவன் விரதம் தொடங்கியிருந்தான். சாமான் ஏற்றுவதற்குள் அவனுடையதுகூட முடியாது என்று தெரிந்துவிட்டது, இனியும் சொல்லாமல் இருந்தால் அது துரோகம். மற்ற மூன்று பேருக்கும் போனில் சொல்லிவிடலாம். இவனுக்கு நேரில்தான் சொல்ல வேண்டும். இவன் மகள் ஏழு மாதத்தில் பிறந்தவள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து போன வருஷம் வீட்டுக்கு வந்தாள். அதற்காக மூன்று வருஷம் காவடி எடுப்பதாக வேண்டுதல். இது இரண்டாவது வருஷம்.

அர்ச்சுனன் லோரிக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நெற்றியில் திருநீறு, காலில் செருப்பு இல்லை. விமலா எல்லாவற்றையும் சொன்னாள். வீடு காலி செய்வது, இடம் கிடைக்காதது, கடிதம், கேரன் வந்தது, நாளைக்குக் கடைசி நாள் என்பது. “என்னால போயி அப்படிச் சொல்ல முடியல, அர்ச்சுனா. நீ வேற யாருகிட்டயாவது கட்டிக்க. ஒன் அளவெல்லாம் எழுதிக் கொண்டாந்திருக்கேன். வலது முட்டியப் பத்திச் சொல்லிரு, மறக்காத.”

நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. விரதத்தில் இருப்பவன் கோபப்படக்கூடாது. பாவம், படாத பாடு பட்டான்.

“அக்கா, போன வருஷம் கல்லுமலையில ஏறி சாமி முன்னால நின்னேன்ல, அப்ப என்னா வேண்டிக்கிட்டேன் தெரியுமா?”

“மகளுக்காகத்தான்.”

“அது மொதல்ல. ரெண்டாவதா ஒங்க பேரச் சொன்னேன். முருகா, இந்தக் காவடிய விமலாக்கா கட்டுனாங்க, அவங்களுக்கும் ஒரு கொறையும் வராமப் பாத்துக்கன்னு சொன்னேன். பாரமே தெரியலக்கா எனக்கு. அவ்வளவு தூரம் நடந்தும் தோள்ல ஒரு கீறல் இல்ல. யாரால? வேண்டுதல் என்னோடது, யாரு இல்லேன்னா? கட்டுனது நீங்கதானே? நான் சாமிகிட்டயே சொல்லியாச்சு. நீங்க என்னாடான்னா ஆபீஸ்ல நாலு பேருகிட்ட சொல்ல வெக்கப்படுறீங்க.”

பதினோரு வருஷமாக விமலா தன் பெயர் அந்தப் பக்கமே போகாமல் பொத்திப் பொத்திக் காத்து வந்திருக்கிறாள். இந்தப் பயல் போன வருஷமே அதைக் கொண்டுபோய்ச் சன்னிதியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “எங்கிட்ட ஏன்டா சொல்லல?” என்றாள்.

“நீங்க கேக்கலயே. முட்டி வலிக்குதான்னு மட்டும்தானே கேப்பீங்க?”

அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் திரும்ப வைத்தாள். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போதே கேரனுக்கு மெசேஜ் போட்டாள். “நாளைக்கு வாரேன்.”

வியாழக்கிழமைக்கு அவசர விடுப்பு எடுத்தாள். சுரேன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அதே வேனில் அவளைப் பழைய டவுனுக்குக் கொண்டுபோனான். கேரன் மாடியில் ஓர் அறைக்குக் கூட்டிப்போனாள். நீள மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் புவான் ரொஹானி என்ற மலாய்ப் பெண்மணி, பத்தேக் துணியில் படம் வரைகிறவர். இன்னொருவர் மிஸ்டர் சியோங், தலை நரைத்த புகைப்படக்காரர். மேசையில் அவளுடைய பத்துப் படங்களும் பெரிதாக அச்சடித்துப் பரப்பியிருந்தன.

“இதில் உங்களுடையது எது?” என்று புவான் ரொஹானி மலாயில் கேட்டார்.

விமலா மலாயில் நிதானமாகச் சொன்னாள். “எல்லாமே நான் செய்தது.”

இடி விழவில்லை. கூரை அப்படியே இருந்தது. அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும்.

“அப்படியானால் இந்தப் பெயர்கள்?”

“இவங்க தூக்கினவங்க. இவங்களுக்காகச் செய்தது. கல்யாண மேடையைச் செய்கிறவர் ஒருவர், ஆனால் பொண்ணு மாப்பிள்ளை பேரைத்தானே அதில் போடுவீங்க? அந்த மாதிரி.”

புவான் ரொஹானி தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். மிஸ்டர் சியோங் சிரிக்கவில்லை. நீங்கள்தான் செய்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கேள்வியில் குத்தல் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் விமலாவுக்கு இப்போது பயம் தெளிந்திருந்தது. அவரை எழுந்து நின்று கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னாள். அவர் புரியாமல் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

“ரொம்ப வருஷமாகக் கனமான பையை இடது தோளில் மாட்டுறீங்க” என்றாள் விமலா. “இடது தோள் கீழே இறங்கியிருக்கு. அதைச் சரிக்கட்ட இடுப்பை வலது பக்கம் தள்ளி நடக்கிறீங்க. காலையில் எழுந்தால் இங்கே வலிக்குமே?” முதுகில் இடத்தைத் தொடாமல் காட்டினாள். “உங்களுக்குக் காவடி கட்டினால் இடது தோளில் பாரமே வைக்க மாட்டேன்.”

மிஸ்டர் சியோங் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பது வருஷமாகக் கேமராப் பை அந்தத் தோளில்தான் தொங்குகிறதாம். மூன்று டாக்டரிடம் போயிருக்கிறாராம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. பெல்ட் எப்படி, பீலி எப்படி, மழையில் நனைந்தால் என்ன செய்வீர்கள், ஒரு காவடியில் எத்தனை கட்டு. தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் யாரும் இவ்வளவு கேட்டதில்லை. விமலா கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னாள். நேரம் போனதே தெரியவில்லை.

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். அவள் இறங்கி வந்து கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்றாள். சுரேன் வேனைப் பூட்டிவிட்டு ஓடிவந்தான்.

“என்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்லிட்டேன்.” தூணைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் கேரன் இறங்கி வந்தாள். கையில் சாவி. வேறெதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. ஆனாலும் சொன்னாள். பின்பக்கக் கூடம் ஒரு வருஷத்துக்கு விமலாவுக்கு. பானைக்காரரையும் கைவிடவில்லை, மார்ச் மாதம் காலியாகிற அறை அவருக்கு. படிவத்தையும் மாற்றப் போகிறார்கள், செய்தவர் யார், யாருக்காகச் செய்தது என்று இனி இரண்டு கேள்வி. விமலா பாதியைத்தான் கேட்டாள். கேரனின் கையைச் சாவியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் எழுந்து போய்விட்டது. சத்தமாக ஒரு பெருமூச்சு விட்டாள். பக்கத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“பசிக்குதுங்க” என்றாள் சுரேனிடம். அன்றைக்கு அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டதை அவன் இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

டிசம்பர் கடைசி வாரம் வீட்டுச் சாமானெல்லாம் நான்காவது மாடிக்கு ஏறியது. காவடிச் சாமானெல்லாம் வேனில் ஆறு நடையாகப் பழைய டவுனுக்குப் போனது. தவுக்கேயும் வந்து பீலிக் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தார். மூன்று மணிக்குத் தொழிற்சாலை விட்டால் விமலா நேராகக் கூடத்துக்கு வந்துவிடுவாள். பக்கத்து அறையில் சிற்பம் செய்கிற பெண் அறுக்கிற சத்தம் இவளுடையதைவிடப் பெரிது. யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. கேரன் நல்ல அறுப்பு மெஷின் ஒன்றை இரவல் வாங்கித் தந்திருந்தாள். தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அர்ச்சுனன் காவடி முடிந்தது. மற்ற மூன்றும் முக்கால்வாசி.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் அதை முழுசாக மாட்டிப் பார்க்கலாம் என்று சுரேன்தான் சொன்னான். அந்தக் கூடத்துக்கு நடுவில் மேலே வானம் தெரிகிற முற்றம் உண்டு. இரண்டு மாடி உயரத்துக்கு எதுவும் தட்டாது. கீழ்ச்சட்டத்தை நிறுத்தி, நடுவைப் பொருத்தி, ஏணியில் ஏறி உச்சி வளைவையும் மயிற்பீலியையும் மாட்டினார்கள். சுரேன் ஏணியைத் தள்ளி வைத்தான். கடைசிக் கட்டை இழுத்துப் பார்த்துவிட்டு விமலா பின்னால் நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டியது.

போர்ச்சுக் கூரை எட்டடி. பதினோரு வருஷமும் அவள் காவடிகளைத் துண்டு துண்டாகக் கீழே படுக்கப்போட்டுத்தான் கட்டினாள். அவை எழுந்து நின்றதெல்லாம் புந்தோங்கில், விடியற்காலை நெரிசலில். அப்போதும் அவள் தூக்குகிறவனுக்கு ஒரு கை தூரத்தில், அவன் இடுப்பு பெல்ட்டைப் பார்த்தபடி வழி முழுக்கக் கூடவே நடப்பாள். தலை நிமிர நேரம் இருந்ததில்லை. முழுக் காவடியை அவள் பார்த்ததெல்லாம் மற்றவர்கள் போனில் எடுத்து அனுப்பிய படத்தில்தான், உள்ளங்கை அளவுக்கு. தேர்வு நாளன்று மேசையில் கிடந்ததும் படம்தான்.

மேலேயிருந்து வெயில் நேராக இறங்கியது. பீலிக் கண்கள் வரிசை வரிசையாக நீலமும் பச்சையுமாக மின்னின. உச்சி வளைவு முதல் மாடி ஜன்னலைத் தாண்டி நின்றது. சின்னக் காற்று அடித்ததும் மொத்தமும் ஒரே சீராக அசைந்து, சாயாமல் திரும்ப நடுவுக்கே வந்து நின்றது. விமலா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வந்தது, அவள் துடைக்கவில்லை.

“இவ்வளவு பெருசாவா கட்டிக்கிட்டு இருந்தேன் நான்?” என்றாள்.

“ஆமாலா” என்றான் சுரேன். “பதினோரு வருஷமா ஊரே பாத்துச்சு. ஒனக்குத்தான் தெரியல.”

அவள் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். சுரேன் தேநீர் வாங்கி வரக் கிளம்பினான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தான். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.